நாலு வருஷம் இன்ஜினியரிங், கூடவே மிருதங்கம்

என் அக்கா மகள் இந்த வருஷம் காலேஜ் சேர்கிறாள். பி.காம். ஏழு வருஷமாக வயலின் கற்றுக்கொள்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "சித்தி, இனிமே வயலினை விட்டுடணுமா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

2013-ல் என்னிடமும் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். பிளஸ் டூ முடித்திருந்தேன், கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங், இ.சி.இ. பிரிவு கிடைத்திருந்தது. அதற்கு முன்னால் எட்டு வருஷம் மிருதங்கம் கற்றிருந்தேன். "படிப்பு முடிஞ்சதும் மறுபடி எடுத்துக்கலாம்" என்று பெரியவர்கள் அன்பாகச் சொன்னார்கள். அப்படி எடுத்து வைத்தவர்களில் திரும்ப எடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. என்னோடு கற்றுக்கொண்ட ஆறு பேரில் இன்றைக்கும் வாசிப்பது நானும் இன்னொருவனும்தான். மீதி நாலு பேருக்கும் என்னைவிட நல்ல கை. அதனால்தான் அவளுக்குச் சொன்னதையெல்லாம் விரிவாக எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீடு திருவொற்றியூர் தேரடிப் பக்கம். அப்பா டயர் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. வடசென்னையில் மிருதங்கமா என்று காலேஜில் நிறைய பேர் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு அவர்களுடைய ஆச்சரியம்தான் ஆச்சரியம். தியாகராஜர் வந்து தங்கி எங்கள் ஊர் அம்மன்மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். திருவொற்றியூர் பஞ்சரத்னம் என்றே அதற்குப் பெயர். அவருடைய சீடர் வீணை குப்பையர் இங்கேதான் வாழ்ந்தார். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூன்று பேரும் ஒற்றியூரைப் பாடியிருக்கிறார்கள். மார்கழி மாதத்தில் விடிவதற்கு முன்னால் நான்கு மாட வீதியிலும் பஜனை போகும். ஏழு வயதில் அதன் பின்னால் நடந்து போய்த்தான் எனக்குத் தாளத்தின்மேல் ஆசை வந்தது. பஜனையில் மிருதங்கம் வாசித்தவரிடமே அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டார். அவர்தான் எங்கள் சார். பெண் பிள்ளைக்கு மிருதங்கமா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

இசையையே படிப்பாக எடுக்கலாமா என்று வீட்டில் பேசினோம். அடையாறு பக்கம் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது என்பது தெரியும். ஆனால் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது, வீட்டில் நான்தான் அடுத்த சம்பாத்தியம் ஆகவேண்டியவள். சார் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "சோத்துக்கு ஒரு படிப்பு படி. கைக்கு இது இருக்கட்டும். ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு மோத விடாத." மோதவிடாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. அதை நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் தூரம். காலேஜ் தேர்ந்தெடுக்கும்போது ரேங்க், பிளேஸ்மென்ட் எல்லாம் பார்த்தோம்; சார் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்கவில்லை. என் காலேஜ் ஆவடி தாண்டி. காலை ஆறே முக்காலுக்குத் திருவொற்றியூரில் வண்டி ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, இறங்கி, காலேஜ் பஸ் பிடித்தால் ஒன்றரை மணி நேரம். திரும்பவும் அதே. ஒரு நாளில் மூன்று மணி நேரம் தண்டவாளத்தில் போனால் வீட்டுக்கு வந்து எந்தக் கையில் மிருதங்கம் வாசிப்பது? கிட்டத்தட்ட ஒரே தரத்தில் இரண்டு காலேஜ் கிடைத்தால், வாத்தியாருக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். இதை அக்கா மகளுக்கு முதலில் சொன்னேன். அவள் சீட் ஏற்கெனவே பழைய வண்ணாரப்பேட்டையில்தான் என்பதால் அவளுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் அந்த மூன்று மணி நேரம்தான் என்னைக் காப்பாற்றியது என்பதையும் சொல்லவேண்டும். மிருதங்கத்தில் வாசிப்பதெல்லாம் முதலில் வாயால் சொல்வதுதான். எந்தப் பாடமாக இருந்தாலும் தகிட, தகதிமி போன்ற சொற்களைக் கோத்த சொற்கட்டைச் சொல்லி, தாளம் போட்டு, அப்புறம்தான் கைக்கு வரும். வாயில் சுத்தமாக வராதது கையில் வராது. லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருக்கும்; இன்னொரு கை துப்பட்டாவுக்குள் விரல் எண்ணும். உதடு மட்டும் அசையும். முதல் மாதம் எதிரில் நின்ற மீன்கார அக்கா, "இன்னாமா, ஜெபமா?" என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். அப்புறம் தினமும், "இன்னிக்கு எத்தினி ஆச்சு?" என்று விசாரிப்பார்.

எப்படி என்பதற்கு ஒரு உதாரணம். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, எட்டு எண்ணிக்கை. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் நாலு அட்சரம் வைத்தால் முப்பத்திரண்டு. அதற்குள் உட்காரும் ஒரு சின்ன முடிப்பு: 'தக தகிட ததிங்கிணதொம்'. இரண்டும் மூன்றும் ஐந்தும் சேர்ந்து பத்து. அதை மூன்று தடவை சொன்னால் முப்பது. மூன்றுக்கும் நடுவில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு அட்சரம் காத்திருந்தால் முப்பத்திரண்டு. சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடியில், வந்து சரியாக விழும். தொண்டையார்பேட்டையில் இதை ஆரம்பித்தால் கொருக்குப்பேட்டை வருவதற்குள் மெதுவான காலத்தில் பத்துப் பதினைந்து தடவை சொல்லிவிடலாம். பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் வண்டி நிற்கும். எல்லாரும் சலித்துக்கொள்வார்கள், எனக்கு அது இரண்டாம் காலத்துக்கான, அதாவது இரட்டை வேகத்துக்கான, நேரம். அந்தக் காத்திருக்கும் ஒற்றை அட்சரத்தில்தான் எல்லாரும் தடுமாறுவோம், அவசரப்பட்டு முன்னால் விழுந்துவிடுவோம். வண்டி ஆடிக்கொண்டே இருக்கும் இடத்தில் அந்த இடைவெளியைச் சரியாகப் பிடிக்கப் பழகினால், மேடையில் எந்தச் சத்தமும் நம்மைத் தள்ளாது. வயலினோ வீணையோ ஆனால், மனசுக்குள் ஸ்வரம் சொல்லி விரலைத் தொடையில் வைத்துப் பார்க்கலாம். வாய்ப்பாட்டுக்காரர்கள் பாடத்தின் வரிகளை இப்படித்தான் மனப்பாடம் செய்கிறார்கள்.

வீட்டில் வாசிக்கும் இடம் அடுத்த பிரச்சினை. எங்களுடையது ஒரே சுவரை இரண்டு குடும்பம் பகிர்ந்துகொள்ளும் வீடு. அந்தப் பக்கத்து அண்ணன் துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட், பகலில் தூங்குவார். ஸ்கூல் படிக்கும்போது சாயங்காலம் நாலரைக்கே வந்துவிடுவேன், அதனால் இடைஞ்சல் இல்லை. காலேஜ் வந்த பிறகு ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாசித்தால், எதிர்வீட்டில் பத்தாம் வகுப்புப் பையன் படிக்கிறான் என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம். அப்பா ஒரு வழி செய்தார். ஒரு மரப்பலகையின் இரண்டு முனையிலும் தடித்த ரப்பர் துண்டை ஒட்டி ஆணியடித்துக் கொடுத்தார். மடியில் வைத்துக்கொண்டால் மிருதங்கத்தின் அகலம்தான். சத்தம் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. நாதம் கிடைக்காது, மீட்டு, சாப்பு என்ற அடிகளைப் பிரித்துக் கேட்க முடியாது. ஆனால் விரலின் வேகமும் பலமும் போகாமல் இருக்க அது போதும். நிஜ மிருதங்கத்துக்கு ஒரு நேரம் ஒதுக்கி, அக்கம்பக்கத்தில் நானே போய் நேரில் சொன்னேன்: செவ்வாய், வெள்ளி, சனி, மாலை ஏழிலிருந்து ஏழே முக்கால். நேரம் முன்கூட்டித் தெரிந்தால் மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். எப்போது ஆரம்பிக்கும், எப்போது முடியும் என்று தெரியாத சத்தம்தான் அவர்களைப் படுத்துகிறது.

முதல் செமஸ்டரில் தினம் ஒரு மணி நேரம் என்று டைம்டேபிள் போட்டேன். மூன்றே வாரத்தில் உடைந்தது. ஒரு மணி நேரம் கிடைக்காத நாளில், "சரி, இன்னிக்கு விட்டுடலாம்" என்று முழுசாக விட்டுவிடுவேன். அப்படியே நாலு நாள் போய்விடும். அப்புறம் இருபது நிமிஷம் என்று குறைத்தேன். முதல் ஐந்து நிமிஷம் 'தா தீ தொம் நம்', மிக மெதுவாக, முதல் நாள் கற்றுக்கொண்ட அதே பாடம். அடுத்த பத்து நிமிஷம் ஒரே ஒரு கஷ்டமான இடம். கடைசி ஐந்து நிமிஷம் ஆதி தாளத்தில் சும்மா சர்வலகு, கணக்கு எதுவும் இல்லாத நேர் ஓட்டம், ஒரு பாட்டுக்கு வாசிப்பதுபோல நினைத்துக்கொண்டு. இந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தை விடவே கூடாது. வாசிப்பது சந்தோஷம் என்பது கைக்கு மறந்துபோனால் அப்புறம் எந்த டைம்டேபிளும் வேலை செய்யாது.

இவ்வளவு செய்தும் இரண்டாம் வருஷம் நின்றுபோனது. லேப், ரெக்கார்டு நோட்டு, மேத்ஸில் ஒரு அரியர். பிப்ரவரியில் ஒரு வாரம் வாசிக்கவில்லை. அப்புறம் ஒரு மாதம். ஏழு வாரம் சார் வீட்டுப் பக்கமே போகவில்லை. சந்நிதித் தெருவில் அவர் சைக்கிள் நின்றால் நான் வேறு தெருவில் சுற்றிப் போனேன். பயிற்சி செய்யாமல் அவர் முன்னால் உட்கார வெட்கம். அந்த வெட்கத்தில்தான் நிறைய பேர் இசையை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நேரமில்லாமல் விடுபவர்கள் குறைவு.

கடைசியில் சார்தான் வீட்டுக்கு வந்தார். திட்டவில்லை. மிருதங்கத்தின் உறையைக் கழற்றச் சொன்னார். வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல், சுருதி இறங்கி, ஓரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. கடல் காற்றுக்கு இரண்டு மாதம் உறையில் கிடந்த தோல் அப்படித்தான் ஆகும். அவர் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே, "வாசிக்கலன்னாலும் வாரத்துக்கு ஒரு தடவ வெளிய எடுத்து வைம்மா, காத்தாடட்டும்" என்றார். அப்புறம், "வாசிச்சுட்டு வரணும்னு இல்ல. வாசிக்க வா" என்றார். இந்த இரண்டாவதைச் சொல்லும்போது என் அம்மா அழுதுவிட்டார்கள்.

வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லிவிடவேண்டும். "சார், இந்த செமஸ்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வரமுடியும், புதுப் பாடம் வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றினால் போதும்" என்று நேரில் சொன்னால் எந்த நல்ல வாத்தியாரும் ஏற்றுக்கொள்வார். சொல்லாமல் மறைந்து திரிந்தால் இரண்டு பக்கமும் வலி.

சார் அன்றைக்கு இன்னொரு காரியமும் செய்தார். அதுதான் இந்த முழுக் கதையிலும் முக்கியமானது. காலடிப்பேட்டையில் ரிட்டயரான தமிழ் டீச்சர் ஒருவர் இருந்தார். வியாழக்கிழமை மாலை அவர் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பேர் கூடித் தேவாரமும் திருப்புகழும் பாடுவார்கள். மைக் கிடையாது, கூட்டம் கிடையாது, முடிந்ததும் சுண்டல். ஹார்மோனியம் ஒருவர் வாசித்தார், தாளத்துக்கு ஜால்ரா மட்டும். "வியாழக்கிழமை ஏழு மணிக்கு அந்த அம்மா வீட்டுக்குப் போய் வாசி. வகுப்புக்கு வராட்டியும் பரவால்ல, அங்க போகாம இருக்காத" என்றார் சார்.

மிருதங்கம் பக்கவாத்தியம். பாடுபவர் பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு வேலை. இது எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும், ஆனால் புரிந்தது டீச்சரம்மா வீட்டில்தான். அதுவரை எனக்காக வாசித்தேன். என் சோம்பேறித்தனத்துக்கு நானே விடுமுறை கொடுத்துக்கொள்ள முடிந்தது. வியாழக்கிழமை ஐந்து பேர் உட்கார்ந்து வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்த பிறகு அப்படி முடியவில்லை. புதன்கிழமை ராத்திரி தானாகவே கை பலகையைத் தேடியது. இன்டர்னல் எக்ஸாம் வாரத்தில்கூட அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் விட்டதில்லை. அதனால் மார்க் குறைந்ததாகவும் நினைவில்லை.

கற்றுக்கொண்டதும் அங்கேதான் அதிகம். அருணகிரிநாதரின் பாடல்கள் சந்தத்தில் நடப்பவை. முதல் வாரம் எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆதி தாளத்திலேயே வளர்ந்தவளுக்கு ஐந்தும் ஏழும் ஒன்பதுமாக வந்தால் எங்கே அடிப்பது? டீச்சரம்மா பாட்டை நிறுத்திவிட்டு ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார். 'தான தந்தன'. "குறிலுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டு. 'ந்' மாதிரி புள்ளி வச்ச எழுத்து வந்தா முன்னாடி இருக்கறதும் ரெண்டு. எண்ணிப் பாரு." தா இரண்டு, ன ஒன்று: மூன்று. தந் இரண்டு, த ஒன்று, ன ஒன்று: நாலு. மூன்றும் நாலும் ஏழு. தகிட, தகதிமி. மிஸ்ர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. "நீ தாளத்த வெளியில தேடுற, பாட்டோட எழுத்தக் கேளு, அதுவே சொல்லும்" என்றார். யாப்பு படித்த ஒரு தமிழ் டீச்சர், மிருதங்கத்தைத் தொட்டதே இல்லாதவர், எனக்குக் கொடுத்த பாடம் அது. அன்றைக்குப் பிறகு எந்தப் பாட்டு வந்தாலும் முதல் அடியை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கையை வைக்கிறேன்.

ஆகவே காலேஜில் இசையை விடாமல் இருக்கவேண்டும் என்றால், உங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் நாலு பேரைத் தேடிக்கொள்ளுங்கள். மேடை, போட்டி, சான்றிதழ் எதுவும் அந்த வேலையைச் செய்யாது. போட்டி வருஷத்துக்கு ஒரு தடவை வரும். வியாழக்கிழமை வாரா வாரம் வரும். கோயில் பஜனையாக இருக்கலாம், ராயபுரத்திலோ பெரம்பூரிலோ ஒரு சர்ச் கொயராக இருக்கலாம், தெருவில் சங்கீதம் கற்றுக்கொள்ளும் ஒரு சின்னப் பெண்ணாகக்கூட இருக்கலாம். வாத்தியம் எதுவாக இருந்தாலும் இது பொருந்தும்.

காலேஜிலும் ஒரு மியூசிக் டீம் இருந்தது. சினிமாப் பாட்டுதான், கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ். மிருதங்கத்தோடு போனபோது, "ஃப்யூஷன் பீஸ் வந்தா கூப்பிடறோம்" என்றார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். அதுவரை நான் ஒத்திகை அறையில் உட்கார்ந்து பார்த்தேன். அது வீணான நேரம் இல்லை. அங்கேதான் வியாசர்பாடியிலிருந்து வந்த மெக்கானிக்கல் பையன் ஒருவன் பழக்கமானான். வீட்டில் மாமாக்கள் எல்லாம் கானா பாடுகிறவர்கள். அவன் டோலக் வாசிப்பான், அது இல்லாவிட்டால் டெஸ்க். ஒரு நாள் அவன் டெஸ்க்கில் தட்டியதை நான் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று மூன்றாக உருண்டு போனது. "இது திஸ்ர நடைடா" என்றேன். "அதெல்லாம் தெரியாது, இது கானா பீட்டு" என்றான். நான் திஸ்ரத்தில் மூன்று மாதம் பாடம் எடுத்திருக்கிறேன். அவனுக்கு இருந்த அந்த ஆட்டம் என் கையில் இல்லை. என் அடிகள் எல்லாம் ஒரே கனத்தில் விழும். அவன் இரண்டாவது அடியைத் தொட்டும் தொடாமல் விட்டு, மூன்றாவதில் கொஞ்சம் அழுத்துவான். அதை அவனிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். அவனுக்கு நான் சொற்கட்டு சொல்லிக்கொடுத்தேன், எழுதிவைக்கும் பழக்கமும் வந்தது. மூன்றாம் வருஷம் நாங்கள் இரண்டு பேரும் மிருதங்கமும் டோலக்குமாக ஏழு நிமிஷம் வாசித்தோம். சாரைக் கூட்டிப்போயிருந்தேன். முடிந்ததும் அவர் நேராக அந்தப் பையனிடம் போய் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார்.

கல்ச்சுரல்ஸ் என்று வந்தால் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடாதீர்கள். வருஷத்துக்கு இரண்டு நிகழ்ச்சி போதும் என்று நான் வைத்துக்கொண்டேன். மற்ற காலேஜ்களுக்குப் போவதற்கு ஓ.டி. (ஆன் டூட்டி அனுமதி) வாங்குவதாக இருந்தால், போவதற்கு முன்னாலேயே எழுத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். "போயிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்று வாய்ப்பேச்சில் அனுப்பிவைத்து, பிறகு அட்டென்டன்ஸ் எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனபோது யாரும் பொறுப்பெடுக்கவில்லை. நாலு நாள் டிபார்ட்மென்ட் வாசலில் நின்றேன். அந்த வலி வேறு யாருக்கும் வரவேண்டாம்.

டிசம்பர் மாதம்தான் ரொம்பக் கஷ்டம். சென்னையில் சபாக்களில் கச்சேரிகள் நடக்கும் அதே சமயத்தில்தான் செமஸ்டர் பரீட்சையும் வரும். நான் கேட்பதை மட்டும் விடவில்லை. மதிய நேரக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது, வளர்ந்து வரும் இளைஞர்கள் வாசிப்பார்கள். நம் வயதுக்காரர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்பது பெரிய பாடம். மயிலாப்பூர் வரை போகமுடியாத நாளில் பீச் ஸ்டேஷனில் இறங்கி ராஜா அண்ணாமலை மன்றத்துக்கு நடந்துபோவேன். 1943-ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் இடம் அது. டிசம்பர் இசைவிழாவில் தேவாரப் பண்ணிலிருந்து நாதஸ்வரம் வரை கேட்கலாம். வடசென்னைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நம்மில் நிறைய பேர் உள்ளே போனதே இல்லை.

2015 டிசம்பரில் வெள்ளம் வந்து பரீட்சைகள் தள்ளிப்போயின. வியாசர்பாடியில் நண்பன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். டோலக் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்து தோல் ஊறிக் கிழிந்துவிட்டது. டீமில் இருந்த பதினோரு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் புதுத்தோல் கட்டிக் கொடுத்தோம். அந்த டோலக்கைத்தான் அவன் இன்னும் வைத்திருக்கிறான்.

வாத்தியத்தைக் காப்பாற்றுவது பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு வருத்தமான கதை இருக்கிறது. தொப்பி என்கிற இடது பக்கத் தோலுக்கு ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் ஒட்டுவோம், அதில்தான் கும்காரம் என்கிற கனத்த நாதம் கிடைக்கும். வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டி எடுத்து ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். மூன்றாம் வருஷ நிகழ்ச்சி முடிந்த ராத்திரி எனக்கு அலுப்பு, கடைசி வண்டியைப் பிடிக்கும் அவசரம். ரவையோடு உறையில் போட்டு ஒத்திகை அறையிலேயே வைத்துவிட்டேன். திங்கட்கிழமை திறந்தால் எலி தொப்பியின் தோலை நடுவில் கடித்து ஓட்டை போட்டிருந்தது. சார் தன் வாத்தியார் நினைவாக வைத்திருந்து எனக்குக் கொடுத்த மிருதங்கம் அது. கட்டையும் வலந்தலையும் தப்பித்தன. ஆனால் புதுத் தொப்பி போட்ட பிறகு பழைய நாதம் வர ஒரு வருஷம் ஆனது. எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் துடைத்து வைக்கும் ஐந்து நிமிஷத்தை மட்டும் விடாதீர்கள். நல்ல வாத்தியத்தைக் காலேஜில் விட்டு வராதீர்கள்.

எங்கள் பக்கம் கடற்காற்று. மழைக்காலத்தில் வலந்தலை ஈரம் இழுத்துச் சுருதி இறங்கும், சித்திரை வெயிலில் ஏறிவிடும். தோலைச் சுற்றிப் பின்னியிருக்கும் மூட்டின்மேல் கட்டை வைத்துக் கல்லால் மேலிருந்து கீழே தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். எட்டு வருஷம் சார்தான் எனக்குச் சுருதி சேர்த்துக் கொடுத்தார். வியாழக்கிழமை கூடத்தில் அவர் இல்லை, நானே சேர்க்கவேண்டி வந்தது. முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் முகம் சுளிக்கவில்லை. டீச்சரம்மா சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சுண்டல் தாளித்தார். காலேஜ் போகும் வயதில் உங்கள் வாத்தியத்தை நீங்களே சுருதி சேர்க்கவும், சின்ன ரிப்பேர் பார்க்கவும் கற்றுக்கொண்டுவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வேலைக்குக் கொடுப்பதற்கென்று மாதம் நூறு ரூபாய் ஒரு டப்பாவில் போட்டு வந்தேன். கையில் பணம் இல்லாததால் வாத்தியம் பழுதாகிக் கிடப்பதும், அப்படியே பழக்கம் விட்டுப்போவதும் நான் நிறைய வீட்டில் பார்த்தது.

பண விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லாமல் போன ஒன்று உண்டு. மத்தியக் கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறது. மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. ஒரு குருவிடம் ஏற்கெனவே சில வருஷம் கற்றிருக்கவேண்டும், நேர்முகத்தில் வாசித்துக் காட்டவேண்டும். எனக்குத் தெரியவந்தபோது 26 முடிந்திருந்தது. காலேஜில் இருப்பவர்கள் அறிவிப்பை வருஷா வருஷம் பாருங்கள். அகில இந்திய வானொலியின் ஆடிஷனும் அப்படித்தான். பி, பி ஹை, ஏ, டாப் என்று படிப்படியாகத் தரம் கொடுப்பார்கள். பி வாங்குவதற்கு இசையில் பட்டம் தேவையில்லை, வாசிப்புதான் வேண்டும். வேலைக்குப் போன பிறகு நான் அதற்குத் தயாரானேன், காலேஜிலேயே ஆரம்பித்திருக்கலாம்.

2017-ல் படிப்பு முடிந்தது. அம்பத்தூரில் வேலை. அரியர் எல்லாம் முடித்துத்தான் வெளியே வந்தேன். கை சுமாராக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். இசையையே முழுநேரமாகப் படித்தவர்களின் வேகம் எனக்கு வராது, கச்சேரியில் மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் பெரிய தனி ஆவர்த்தனங்களை நான் வாசிப்பதில்லை. ஆனால் ஒரு பாட்டுக்கு எங்கே வாசிக்கவேண்டும், எங்கே கையைத் தூக்கிவிட வேண்டும் என்பது தெரிகிறது. அது வியாழக்கிழமைகளில் கிடைத்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகள், "அப்போ எனக்கு யாரு இருக்காங்க சித்தி?" என்றாள். "இந்த வியாழக்கிழமை வயலினை எடுத்துட்டு வா" என்றேன். வந்தாள். டீச்சரம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இத்தனை நாள் நாலு கட்டைச் சுருதியில் பாடியவருக்கு இந்த வருஷம் குரல் மூன்றுக்கு வந்துவிட்டது. அவள் தந்தியைத் தளர்த்திச் சுருதி இறக்கிக்கொண்டாள், இரண்டு நிமிஷத்தில் சேர்ந்துவிட்டது. என் மிருதங்கம் சின்னது, இருபத்திரண்டு இன்ச். மூன்று கட்டைக்கு இறக்கினால் தோல் தொளதொளத்து நாதம் செத்துவிடுகிறது. டீச்சரம்மாவை மேல்சுருதியில் பாடச் சொல்லமுடியாது. சார் வீட்டுப் பரணில் இருபத்துநாலு இன்ச் ஒன்று வெகுகாலமாகக் கிடக்கிறது. வலந்தலை போய்விட்டது, மரக்கட்டை நல்ல பலா. சனிக்கிழமை ஆட்டோ வைத்து எடுத்துப் போய் வேலைக்குக் கொடுக்கிறேன். பத்து நாள் ஆகும் என்கிறார்கள். அதுவரை இரண்டு வியாழக்கிழமைக்கு நான் ஜால்ரா, அவள் வயலின்.